கிணத்துக்குள்ள அலை புடிச்சவன்

ஆடி பொறக்க ஒரு வாரம் இருக்கையில பூவரசன் ஒரு முடிவு எடுத்தான். ஆடி முடியறதுக்குள்ள கடல் அலை மேல பலகையப் போட்டு, அது மேல எந்திரிச்சு நின்னு காட்டணும்.

முடிவுல ஒரு கொறையும் இல்ல. கடல்தான் இல்ல. அவன் வூடு பெரம்பலூர்லேர்ந்து செட்டிகுளம் போற வழியில. எங்க பாத்தாலும் சின்ன வெங்காயக் காடு. அந்த ஊர்ல ஏறி எறங்குறது வெங்காய வெல ஒண்ணுதான்.

விசயத்தப் பக்கத்து வூட்டு சாமிதுரைகிட்ட மட்டும் சொன்னான். சாமிதுரை நூத்திப்பத்து கிலோ. அவ்வளவு பெரிய ஒடம்புக்குள்ள ஒரு ரகசியம் போனா வெளிய வர வழி தெரியாம அங்கனயே கெடந்துரும்னு பூவரசனுக்கு நம்பிக்கை.

"ஏன் தம்பி, நமக்கும் கடலுக்கும் என்னா சம்பந்தம்?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? அரியலூர்ல சுண்ணாம்புக்கல்லு வெட்டுனா உள்ளேர்ந்து சங்கும் சிப்பியும் வருதுல்ல. ஒரு காலத்துல கடல் இங்கனதான் கெடந்துச்சு. நம்மள விட்டுட்டு ஓடிப்போனது அது. நான் போயி ஏன்னு கேக்கப்போறேன்."

"அது போயி கோடிக்கணக்குல வருசமாச்சாமே?"

"நம்ம ஊரு பஸ்ஸு மட்டும் சொன்ன நேரத்துக்கா வருது? கொஞ்சம் முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும்."

இதான் பூவரசன். வயசு இருவத்தஞ்சு. இன்ஜினியரிங் காலேஜுல மூணாவது செமஸ்டரோட நின்னவன். அப்புறம் ஜேசிபி ஓட்டப் பழகுனான், செல்போன் ரிப்பேருக்குப் போனான், கோழிப்பண்ணையில கணக்கு எழுதுனான். எதையும் பாதியில விடுற பழக்கமே அவனுக்குக் கெடையாது. கால்வாசியிலேயே விட்டுருவான். பேச்சுக்கு மட்டும் ஒரு பரீட்சை வச்சிருந்தா மாநிலத்துலயே மொதலா வந்திருப்பான். வைக்கல.

இப்பேர்ப்பட்டவனுக்கும் வைகாசியில கல்யாணம் ஆச்சு. பொண்ணு புவனேஸ்வரி, அரியலூருக்குத் தெக்க ஒரு ஏரிக்கரை ஊரு. மாமனார் இளையபெருமாள், சுண்ணாம்புக்கல் லாரிங்க ஏறி எறங்குற எடைமேடையில இருவத்திரெண்டு வருசமா ஒக்காந்திருக்கிற மனுசன். மாப்ளைக்கு வேல இல்லன்னு தெரிஞ்சுதான் பொண்ணு குடுத்தாரு. அதுக்கு அவரு ஒரு ஏற்பாடும் வச்சிருந்தாரு.

"ஆவணி ஒண்ணாந்தேதி வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில ஒக்காந்துருங்க மாப்ள. சொல்லி வச்சுட்டேன்."

"என்ன வேல மாமா?"

"லாரி வரும். எடை எழுதணும். லாரி போயிரும்."

"அப்புறம்?"

"அடுத்த லாரி வரும்."

பூவரசனுக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. இருவத்தஞ்சு வயசுல ஒக்காந்தா எந்திரிக்கிறப்ப அம்பத்தெட்டு ஆயிருக்கும். நடுவுல பாத்தது அத்தனையும் லாரியோட பின்பக்கமா இருக்கும்.

அந்த நேரம் பாத்துதான் ஜெயப்பிரகாஷ் போன் போட்டான். காலேஜு ஹாஸ்டல்ல ஒண்ணா இருந்தவன், இப்ப புதுச்சேரியில அலைச்சறுக்கு சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடத்துல இருக்கான்.

"மச்சான், இங்க ஒரு ஆள் எடுக்கிறாங்க. புதுசா பழக வரவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். தங்க ரூம் உண்டு. ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை தேர்வு. ஒரு மணி நேரத்துல, யாரும் பின்னாடிலேர்ந்து தள்ளிவிடாம, நீயா பலகையில படுத்துக் கையால தண்ணியத் தள்ளி வலிச்சு மூணு அலை புடிச்சு நிக்கணும். முடியுமா?"

"எனக்குக் கெணத்துலயே கண்ண மூடிட்டு நீந்தத் தெரியும்டா."

"கண்ணத் தொறந்துட்டு வா. பழகிக்க ரெண்டு பழைய பலகை அனுப்புறேன்."

பலகை ரெண்டும் வெங்காயம் எறக்கிட்டுத் திரும்புன வேன்ல வந்து எறங்குச்சு. ஒண்ணு ஒம்பதடி. அகலம், கனம், அடிப்பக்கம் தட்டை, மூக்கு மழுங்கல். வெயில்ல படுத்த எருமை மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு ஆறடிக்குக் கொறைச்சல். மெல்லிசு. மூக்கு ஊசி கணக்கா கூர்மையா மேல வளைஞ்சிருந்துச்சு. பாத்த ஒடனே பூவரசன் அதுக்கு அடிமை ஆயிட்டான். வீடியோவுல பெரிய பெரிய ஆளுங்க பறக்கிறதெல்லாம் அந்த மாதிரிப் பலகையிலதான்.

புவனா வாசல் கூட்டிட்டு இருந்தவ வெளக்கமாத்தோட வந்து நின்னா.

"என்னா மாமா இது?"

"ஜெயப்பிரகாஷ் கடைக்கு வெளம்பரப் பலகை. பேரு எழுதணும்."

"அடியில எதுக்கு மீனுக்கு இருக்கிற மாதிரி துடுப்பு வச்சிருக்கு?"

"காத்தடிச்சா பலகை ஆடாம இருக்க."

"ம்" அப்படின்னா புவனா.

புவனாவோட 'ம்' சாதாரண 'ம்' இல்ல. வக்கீல் நோட்டீஸு மாதிரி. அன்னைக்கு ஒண்ணும் ஆகாது, பின்னாடி ஒரு நாள்தான் வாய்தா வரும். கல்யாணமாகி ரெண்டு மாசந்தானே, பூவரசனுக்கு அது இன்னும் புடிபடல.

அவ குனிஞ்சு பெரிய பலகையத் தட்டிப் பாத்தா. "இது நல்லாருக்கு மாமா. எங்க ஏரியில அல்லி பறிக்க வாழமரத்தத் தெப்பமா கட்டி, குப்புறப் படுத்துக் கையால வலிச்சுட்டுப் போவோம். ஒத்த மரத்துல போறவ நனைஞ்சு திரும்பி வருவா. மூணு மரத்த அகலமா கட்டுனவதான் பூவோட வருவா."

"வெளம்பரப் பலகைக்கு எதுக்கு புள்ள தெப்பக் கதை?"

"சும்மா சொன்னேன்" அப்படின்னு திரும்பக் கூட்டப் போயிட்டா.

மறுநாள் புவனா மளிகை வாங்க டவுனுக்குப் போன நேரம் பாத்து, ரெண்டு பலகையும் சாமிதுரையோட கெணத்துக்குப் போச்சு. வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சுற சதுரக் கெணறு, ஒரு பக்கம் முப்பதடி. ஊர்ல அத்தன பேரும் நீச்சல் பழகுனது அதுலதான்.

மொதல்ல பெருச எறக்குனான். படுத்தான். நாலு வலி வலிச்சான். பலகை வழுக்கிட்டுப் போயி எதிர்ச் செவுத்துல டொக்குன்னு முட்டுச்சு. திருப்புனான், வாலு இந்தப் பக்கச் செவுத்துல முட்டுச்சு. மறுபடி வலிச்சான், மறுபடி டொக்கு.

"என்னண்ணே இது, நிறுத்துனாலும் போயிட்டே இருக்கு."

"பிரேக்கு இல்ல போல" அப்படின்னு மேலேர்ந்து சாமிதுரை சொன்னாரு.

அப்புறம் சிறுச எறக்குனான். வயித்துக்கடியில கொஞ்சம் முங்குச்சுதான். ஆனா நெனச்ச எடத்துல நின்னுச்சு, நெனச்ச பக்கம் திரும்புச்சு. முப்பதடிக் கெணத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. பூவரசன் அங்கனயே தீர்ப்பு சொல்லிட்டான். பெருசு வெறும் எருமை. சிறுசுதான் குதிரை.

கடல்ல எதிர்ச் செவுரு கெடையாதுங்கறது அவனுக்குத் தோணவே இல்ல.

அடுத்தது அலை. அதுக்கும் கெணத்துலயே வழி இருந்துச்சு. சாமிதுரை மோட்டார் மேடையிலேர்ந்து ஓடியாந்து காலக் கட்டிட்டுக் குதிச்சா, நூத்திப்பத்து கிலோவும் ஒரே எடத்துல விழுந்து, தண்ணி செவுரு மாதிரி எந்திரிச்சு வந்துச்சு. பூவரசன் நாலு வலி வலிச்சு டக்குன்னு எந்திரிப்பான். ரெண்டாவது நாளே ஒரு கண நேரம் நின்னுட்டான்.

"நின்னுட்டேண்ணே."

சாமிதுரை தண்ணிக்குள்ளேர்ந்து தலையத் தூக்குனாரு. "எத்தன தடவ தம்பி குதிக்கணும் இன்னும்? எனக்கு மூக்கெல்லாம் எரியுது."

"ஆடி முடியற வரைக்கும்ணே. ஒரு குதிக்கு ரெண்டு பரோட்டா."

"சால்னா?"

"தனியா ஒரு குதி."

இப்படியா பேசி முடிச்சாங்க.

ஆடி பொறந்துச்சு. புதுசா கல்யாணம் ஆனவங்க ஆடியில ஒண்ணா இருக்கப்படாது, பொண்ணு அம்மா வூட்டுக்குப் போயிரணும். மத்த மாப்ளைங்க அதுக்கு அழுவாங்க. பூவரசன் உள்ளுக்குள்ள மேளம் அடிச்சுட்டு, வெளிய மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னான். இளையபெருமாள் சீர்த்தட்டோட குட்டியானை வண்டியில வந்து எறங்குனாரு. புவனா பையெல்லாம் ஏத்திட்டு, கடைசியா ஒண்ணு கேட்டா.

"மாமா, அந்தப் பெரிய பலகைய எடுத்துட்டுப் போகவா? அம்மா வத்தல் காய வைக்க அகலமா ஒண்ணு கேட்டுச்சு."

பூவரசனுக்குச் சந்தோசம் தாங்கல. வேண்டாத எருமையும் போச்சு, வூட்டுல சாட்சியும் போச்சு.

"தாராளமா எடுத்துக்க. நீ கேட்டு நான் எதத் தரல?"

"ம்" அப்படின்னா புவனா.

நாலு வாரம் பூவரசன் கெணத்துலயே கெடந்தான். தோலு வெளுத்துப் போச்சு. சாமிதுரை ரெண்டு கிலோ ஏறிட்டாரு, அலையும் அதுக்குத் தக்கன பெருசாச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா மட்டும் புவனாவுக்குப் போன் போட்டுக் கடமையச் செய்வான்.

"எங்க புள்ள இருக்க? ஒரே எரைச்சலா இருக்கு."

"மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்துறாங்க மாமா. கூட்டம்."

"உஸ்ஸு உஸ்ஸுன்னு கேக்குது?"

"கூழு சூடா இருக்கு, எல்லாரும் ஊதிக் குடிக்கிறாங்க."

"நல்லா கும்பிடு. எனக்கும் சேத்து வேண்டிக்க."

"உங்களுக்கும் சேத்துதான் மாமா பண்ணிட்டு இருக்கேன்."

எவ்வளவு நல்ல பொண்டாட்டின்னு நெனச்சு பூவரசன் மனசு உருகி, கெணத்துக்குக் கெளம்பிப் போவான்.

கடைசி ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மொத நாள் ராத்திரியே கூர்மூக்குப் பலகையப் போர்வையில சுத்தி, பஸ்ஸுக்காரன்கிட்ட "கட்டிலு" அப்படின்னு சொல்லி மேல ஏத்தி, விடிய விடிய பயணம் பண்ணி புதுச்சேரி போயிச் சேந்தான். கடலப் பாத்தான். கடல் அவனப் பாத்த மாதிரியே தெரியல.

ஜெயப்பிரகாஷ் ஓடியாந்தான். சிறுசப் பாத்து மொகம் சுருங்குச்சு. "மச்சான், இதுலயேவா பழகுன? பெருசு எங்க இருக்குன்னாச்சும் தெரியுமாடா?"

"வத்தல் காயுது."

ஜெயப்பிரகாஷ் இருமுற மாதிரி வாயப் பொத்திக்கிட்டான்.

பள்ளிக்கூடத்த நடத்துற அம்மா விசில மாட்டிக்கிட்டுப் பேரு வாசிச்சாங்க. அதுல பூவரசன் பேரு நாலாவது. அஞ்சாவது பேரு, "புவனேஸ்வரி."

நம்ம பொண்டாட்டி பேருல ஒருத்தி வந்திருக்கா, நல்ல சகுனம்னு நெனச்சு திரும்புனான். மணல்ல ஒம்பதடி எருமை நடந்து வந்துட்டு இருந்துச்சு. மூக்கத் தூக்கிட்டு வந்தது முழுக்கை பனியன் போட்ட புவனா. வாலத் தூக்கிட்டு வந்தது வேட்டிய மடிச்சுக் கட்டுன இளையபெருமாள்.

பூவரசனுக்கு வாய் அடைச்சுப் போச்சு. இருவத்தஞ்சு வருசத்துல அது மொதத் தடவ.

"வாங்க மாப்ள" அப்படின்னாரு மாமனார். ஏதோ இவருதான் கடலுக்கு விருந்து கூப்புட்ட மாதிரி.

பூவரசன் தட்டுத் தடுமாறி ஒண்ணக் கண்டுபுடிச்சான். "ஆடி இன்னும் முடியலயே மாமா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கப்படாதே."

"அதுக்குத்தான் கூட நான் வந்திருக்கேன். அதுவுமில்லாம ஆளுக்கு ஒரு பலகைதானே?"

பூவரசன் பொண்டாட்டி பக்கம் திரும்புனான். "புள்ள, உனக்கு எப்படித் தெரியும்?"

"மாமா, என் போன வாங்கிக் குடுத்தப்ப உங்க ஜிமெயில்லயே தொறந்து குடுத்தீங்கல்ல? நீங்க பாக்குற வீடியோ அத்தனையும் எனக்கும் வந்துச்சு. அலையில எப்படி நிக்கிறது, எப்படி வலிக்கிறது, எல்லாம் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்திட்டுச் சொன்னா. "பொண்டாட்டிக்குத் தெரியாம வேலைக்குப் போவது எப்படின்னு தேடுனீங்களே, அதையும்."

"அப்ப கூழு?"

"நாலு ஞாயிறும் இங்கதான். ஜெயப்பிரகாஷ் அண்ணன்தான் கடல்ல எறக்கி விட்டுச்சு. மத்த நாள்ல எங்க ஏரி. வாய்க்கால் தண்ணி வந்து ஏரி நெறஞ்சிருக்கு, கரைக்குக் கரை வலிச்சேன்."

பூவரசன் ஜெயப்பிரகாஷ மொறச்சான். ஜெயப்பிரகாஷ் கடலப் பாத்துட்டு, "தங்கச்சி கேட்டுச்சுடா" அப்படின்னான்.

அதுக்குள்ள இளையபெருமாள் மாப்ளையையும் பலகையையும் மேலேர்ந்து கீழ ஒரு பார்வை பாத்துட்டாரு. இருவத்திரெண்டு வருசம் லாரியக் கண்ணாலயே எடை போட்ட பார்வை.

"மாப்ள, எழுவத்தி நாலு இருப்பீங்க."

"வயசா மாமா?"

"எடை. இந்தப் பலகை அம்பதுக்கு மேல தாங்காது. ஓவர் லோடு."

விசில் அடிச்சாச்சு. ஒரு மணி நேரம் ஓட ஆரம்பிச்சுது.

பூவரசன் படுத்தான். கெணத்துல கொஞ்சமா முங்குன பலகை இங்க நெஞ்சு வரைக்கும் முங்குச்சு. வலிச்சா, மேல வளைஞ்ச மூக்கு தண்ணியத் தள்ளிட்டே போச்சு. பத்து வலி வலிச்சா பத்து முழம் போறதுக்குள்ள தோள்பட்ட கழண்டுச்சு. எப்படியோ உள்ள போயித் திரும்பி ஒக்காந்தான்.

அலை வந்துச்சு. ஆனா அது சாமிதுரை மாதிரி வரல. சாமிதுரை அலை பக்கத்துலயே பொறந்து, பொறந்த ஒடனே செவுரா எந்திரிக்கும். கடல் அலை ரொம்பத் தூரத்துல, சாப்புட்டுப் படுத்தவன் வயிறு மாதிரி மெல்ல ஒரு மேடா வந்துச்சு. அது வந்து சேரும்போது அதோட வேகத்துல நாமளும் ஓடிட்டு இருக்கணும். பூவரசன் நாலு வலி வலிச்சான். கெணத்துல எப்பவும் நாலுதானே. டக்குன்னு எந்திரிச்சான். அலை அவனுக்கடியில பூந்து, ஸ்டாப்புல நிக்காத பஸ்ஸு மாதிரி போயிருச்சு.

அடுத்ததுக்கும் நாலு வலி. அதுவும் போச்சு. அதுக்கடுத்ததுக்கு, அலை நல்லா எந்திரிச்சு நிக்கட்டும்னு காத்துட்டு இருந்தான். எந்திரிச்சு நின்ன அலை அவனையும் எந்திரிச்சு நிக்கவிட்டுச்சு, தலைகீழா. மூக்குல ஏறுன உப்புத்தண்ணியில கல்யாணத்துல குடிச்ச பாலு வரைக்கும் வெளிய வந்துச்சு.

அரை மணி நேரம் ஆச்சு. பூவரசன் புடிச்ச அலை, சைபர். கண்ண மூடுனா லாரி தெரிஞ்சுது. பின்னாடியே அடுத்த லாரியும் தெரிஞ்சுது.

புவனா எங்கன்னு பாத்தான். எல்லாரும் இருக்கிற எடத்தவிட இன்னும் உள்ள, தனியா கெடந்தா. பெருசு மேல நெஞ்சத் தூக்கிப் படுத்திருந்தா, மூக்கு தண்ணிக்கு மேல நாலு விரக்கடை. அதிகமாவும் இல்ல, கொறைவாவும் இல்ல. தூரத்துல மேடு தெரிஞ்சப்பவே, மத்தவங்க திரும்பிப் பாக்குறதுக்கு முன்னாடியே, நிதானமா வலிக்க ஆரம்பிச்சுட்டா. அவசரமே இல்ல. மாவாட்டுற மாதிரி நீள நீளமா வலிச்சா. கெணத்துல பிரேக்கு இல்லாம முட்டுன அதே எருமை இப்ப நிக்காம வழுக்கிட்டுப் போச்சு. அலை நுரைக்கிறதுக்கு முன்னயே அவளத் தூக்கி மடியில வச்சுக்குச்சு. அது எந்திரிச்சு ஒடையறப்ப இவ ஏற்கெனவே நின்னுட்டு இருந்தா.

அலைக்கு ஒண்ணா கரையில விசில் மூணு தடவ கேட்டுச்சு. மூணும் அவளுக்கு.

மூணு புடிச்சவ கரைக்குப் போயிருக்கலாம். போகல. வலிச்சுட்டு நேரா புருசன்கிட்ட வந்தா.

"எறங்குங்க மாமா."

"எதுக்கு?"

"பலகைய மாத்திக்கத்தான். இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

"இனிமே என்னத்துக்கு புள்ள? நீதான் ஜெயிச்சுட்டியே. நான் மூணு புடிக்க முடியாது."

"வேலைக்காகச் சொல்லல. நாலு வாரமா கெணத்துக்குள்ள கெடந்திருக்கீங்க, தோலு வெளுத்துப் போயி. ஒண்ணாச்சும் புடிக்காம பஸ்ஸேறப் போறீங்களா? இதையும் விட்டுட்டுப் போறதா?"

பூவரசனுக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அவ மொகத்துல கிண்டல் இல்ல. முடியெல்லாம் மூஞ்சியில ஒட்டி, கண்ணு செவந்து போயி, நெசமாவே கேட்டா. அவன் பலகைய மாத்திக்கிட்டான்.

பெருசுல படுத்த ஒடனே ஒடம்பு தெரிஞ்சுக்குச்சு. முங்கல, ஆடல. கட்டில்ல படுத்த மாதிரி இருந்துச்சு.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க. அவ்வளவு பின்னாடி இல்ல, மூக்கு தூக்கிக்கும். ஆங், அங்கதான்." புவனா சின்னப் பலகையக் கட்டிப் புடிச்சு மெதந்துட்டே திரும்பிப் பாத்தா. "வருது மாமா. இப்பவே ஆரம்பிங்க."

"அது எங்கயோ இருக்கே."

"எங்கயோ இருக்கும்போதே ஆரம்பிக்கத்தான் இந்தப் பலகை. வலிங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. நிறுத்தாதீங்க. கெணறு முடிஞ்சு போச்சு மாமா, வலிங்க."

அஞ்சாவது வலி பூவரசன் வாழ்க்கையில மொதல் அஞ்சாவது வலி. ஆறு. ஏழு. எட்டாவதுல பின்னாடிலேர்ந்து யாரோ மெல்ல கை குடுத்துத் தூக்குன மாதிரி இருந்துச்சு. பலகை தன்னால ஓடுச்சு. மொழங்கால ஊனுனான், எந்திரிச்சான். நின்னான்.

எவ்வளவு நேரம்னு கேட்டா ஜெயப்பிரகாஷ் அஞ்சு செகண்டும்பான். மாமனாரு ஆறு. பூவரசனக் கேட்டா பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் போற நேரம்பான், அதுவும் நின்னு நின்னு போற பஸ்ஸுல. காத்து மூஞ்சியில அடிச்சுது, கடல் காலுக்கடியில ஓடுச்சு.

கரையில வந்து தொப்புன்னு விழுந்தான். புவனா பின்னாடியே வந்து பக்கத்துல ஒக்காந்தா. நடுவுல இளையபெருமாள் வந்து ஒக்காந்துக்கிட்டாரு, ஆடி முடியலங்கறதால.

"புள்ள" அப்படின்னான் பூவரசன், மாமனாருக்கு மேல எட்டிப் பாத்து. "நீ இல்லன்னா நான் இன்னும் கெணத்துலதான் கெடப்பேன். நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியும் மாமா."

"மொதல்லயே பெருச எடுத்துக்கன்னு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"தெப்பக் கதை சொன்னேன். வெளம்பரப் பலகைன்னீங்க."

பூவரசன் வாய மூடிக்கிட்டான். ஒரு நாள்ல அது ரெண்டாவது தடவ.

"உங்களுக்கு வேல புடிக்கலங்கறது எடைமேடையப் பத்திப் பேசுன அன்னைக்கே தெரிஞ்சு போச்சு" அப்படின்னா புவனா. "மூஞ்சிய மறைக்கத் தெரியல உங்களுக்கு. நீங்க ஜெயிச்சாலும் சரி, நான் ஜெயிச்சாலும் சரி, ரூம் ஒண்ணுதானே? அதான் லாட்டரியில ரெண்டு சீட்டா வாங்குற மாதிரி நானும் பேரக் குடுத்தேன்."

இளையபெருமாள் மணல ஒரு கை அள்ளி, எடை பாத்துட்டுக் கீழ விட்டாரு. "எனக்கும் மாப்ள பக்கத்துல ஒக்காந்து நாள் பூரா பேசுனா கணக்கு தப்பிரும்னு பயமாத்தான் இருந்துச்சு. நல்லாருங்க."

பூவரசன் உப்புத்தண்ணின்னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டான். தன்ன ஏமாத்துறதுக்கு ஒரு மாசம் பாடுபட்டவங்க அத்தன பேரும் தனக்காகத்தான் பாடுபட்டிருக்காங்க. இப்படி ஒரு துரோகம் எத்தன பேருக்குக் கெடைக்கும்?

பள்ளிக்கூடத்து அம்மா வேலைக்கான படிவத்தக் கொண்டாந்து புவனாகிட்ட குடுத்தாங்க. ரூமு, வேல நேரம், எல்லாம் அதுல இருந்துச்சு. அவ பலகை மேலயே வச்சு, நிதானமா, ஒவ்வொரு கட்டமா எழுதுனா. பூவரசன் பெருமையா எட்டிப் பாத்தான். பேரு, புவனேஸ்வரி. ஊரு, மாவட்டம், வயசு, எல்லாம் சரியா எழுதியிருந்தா. 'உங்களை நம்பி வாழ்பவர்கள்' அப்படிங்கற கட்டத்துல 'கணவர் – 1' அப்படின்னு இருந்துச்சு.

"எதுக்கு புள்ள பக்கத்துல ஒண்ணுன்னு போட்டிருக்க?"

"எத்தன பேருன்னு கேட்டிருக்காங்க மாமா. அதுக்கு மேல எனக்குத் தாங்காது."